முதுமையில் கடும் மனநோய்

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு, இருதுருவ மனநோய், பிரமைகளோடு சேர்ந்து வரும் கடும் மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவ உலகம் கடும் மனநோய் என்று ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது. இவற்றில் மனச்சிதைவும் இருதுருவ நோயும் பெரும்பாலும் இளமையில் தொடங்குபவை. அதனால் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சியும் நெடுங்காலம் இளைஞர்களையே சுற்றி வந்தது. இருபது வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கியவர் எழுபது வயதில் எப்படி இருக்கிறார், அறுபது வயதுவரை ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தவருக்குத் திடீரென ஏன் இந்நோய் வருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் முறையாகக் கேட்கவே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆனது.

முதியவர் என்ற சொல்லுக்கு இத்துறையில் எல்லை சற்றுக் கீழே இறங்குகிறது. பொதுவான முதியோர் மருத்துவம் 60 அல்லது 65 வயதில் தொடங்கும். கடும் மனநோய் ஆய்வுகள் பலவற்றில் 50 அல்லது 55 வயதே தொடக்கம். காரணம் துயரமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கடும் மனநோயுள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள். தற்கொலை அதில் ஒரு பகுதிதான். மாரடைப்பு, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நெஞ்சுவலி என்று சொன்னாலும் அதையும் மனநோயின் கணக்கிலேயே எழுதிவிடும் மருத்துவப் புறக்கணிப்பு ஆகியவையே பெரும்பகுதி. முதியோரை ஆராயும் ஒவ்வோர் ஆய்வும் இவ்வளவையும் தாண்டி உயிர்பிழைத்தவர்களைத்தான் ஆராய்கிறது. கீழே வரும் முடிவுகளை வாசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

கிரெப்பலின் எழுதிய தீர்ப்பு

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 1899-இல் வெளியிட்ட தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், கடும் மனநோய்களை இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்தார். வந்து வந்து போவதை வெறி-சோர்வு நோய் என்றார். இளமையில் வந்து அறிவை அரித்துக்கொண்டே போவதற்கு டிமென்ஷியா ப்ரீகாக்ஸ் என்று பெயரிட்டார். உரிய காலத்துக்கு முன்பே வரும் அறிவழிவு என்பது அதன் பொருள். நோய் எப்படி முடியும் என்பதை நோயின் பெயரிலேயே எழுதிவைத்த வகைப்பாடு அது. சூரிச் நகரின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைத் தலைவர் யூஜென் ப்ளூலர் 1908-இல் அப்பெயரை மாற்றி ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லைக் கொண்டுவந்தார். சொல் மாறினாலும், இந்நோய் வந்தவர் நாளுக்கு நாள் தேய்ந்துதான் போவார் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் குடும்பங்களிடமும் தங்கிவிட்டது.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் யூஜெனின் மகன் மான்ஃப்ரெட் ப்ளூலர். தந்தை தலைமை வகித்த மருத்துவமனையின் சூழலில் வளர்ந்து, பின்னர் அதற்கே தலைவரானவர் அவர். 1940-களின் தொடக்கத்தில் அங்கே சேர்க்கப்பட்ட 208 நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமே பின்தொடர்ந்து, 1972-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். முதல் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு நோய் சராசரியாக மேலும் மோசமாவதில்லை. பலருக்கு மெல்ல மெல்லத் தணிகிறது என்பது அவர் கண்டது. லோசான் நகரில் லூக் சியோம்பியும் கிறிஸ்டியான் முல்லரும் இன்னும் நீண்ட தூரம் போனார்கள். அவர்கள் தேடிக் கண்டுபிடித்த 289 பேருக்கும் மருத்துவமனையில் முதலில் சேர்ந்து சராசரியாக 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லோரும் முதியவர்கள். ஏறத்தாழ பாதிப்பேர் முழுமையாக நலமடைந்திருந்தனர், அல்லது இலேசான குறையோடு வாழ்ந்துகொண்டிருந்தனர்.

வெர்மான்ட்

இவ்வகை ஆய்வுகளில் என் கணிப்பில் மிக வலிமையானது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்தது. 1950-களின் நடுவில் வெர்மான்ட் மாநில மருத்துவமனையின் பின்வார்டுகளில், இனித் தேறமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் இருந்தனர். புதிதாக வந்த மாத்திரைகளாலும் அவர்கள் போதிய அளவு தேறவில்லை. ஜார்ஜ் புரூக்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அவர்களில் 269 பேரைத் தெரிந்தெடுத்து, தொழிற்பயிற்சி கொடுத்து, வெளியே வீடும் வேலையும் பார்த்துக் கொடுத்து, பின்னும் தொடர்ந்து கவனித்துவந்தனர். பல்லாண்டு கழித்து கோர்ட்னி ஹார்டிங் என்ற ஆய்வாளர் அந்த 269 பேரையும் தேடிப் புறப்பட்டார். 262 பேரைப் பற்றிய செய்தி கிடைத்தது. சராசரியாக 32 ஆண்டுகள் கடந்திருந்தன. பழைய நோய்க்குறிப்புகளை 1980-களின் கறாரான வரையறைப்படி மறுபடி படித்து, உண்மையிலேயே மனச்சிதைவு என்று உறுதிசெய்யக்கூடியவர்களைத் தனியே பிரித்தும் பார்த்தார்கள். 1987-இல் வெளியான முடிவு உலகெங்கும் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பின்வார்டிலிருந்து வந்தவர்களில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கினர்வரை கணிசமாகத் தேறியோ முற்றிலும் நலமடைந்தோ இருந்தனர்.

இதை மருந்தில்லாமலே ஆறிவிடும் நோய் என்று சிலர் திரித்துச் சொன்னதுண்டு. வெர்மான்ட் சொன்னது அதுவல்ல. பின்னர் அருகே உள்ள மெய்ன் மாநிலத்தில், வயதும் நோயும் ஒத்த, ஆனால் அத்தகைய மறுவாழ்வுத் திட்டம் கிடைக்காத நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் நிலை வெர்மான்ட்காரர்களைவிடத் தாழ்ந்தே இருந்தது. ஆக, காலம் மட்டும் யாரையும் தேற்றவில்லை. காலமும், வீடும், வேலையும், விடாமல் வந்து பார்த்த மனிதர்களும் சேர்ந்து தேற்றின.

இத்தனை பேர் தேறியிருக்க, மருத்துவர்களின் கண்ணுக்கு ஏன் அவர்கள் படவில்லை? பாட்ரிசியா கோயனும் ஜேகப் கோயனும் 1984-இல் இதற்கு விடை எழுதினார்கள். புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடம், நோய் விடாத ஒருவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வருவார். தேறியவர் வருவதே இல்லை. பன்னிரண்டு வருகைகளையும் பன்னிரண்டு தோல்விகளாகவே மருத்துவரின் மனம் எண்ணிக்கொள்கிறது. கோயன்கள் இதை மருத்துவரின் மாயத்தோற்றம் என்றார்கள். முதுமையில் மனச்சிதைவு என்பது சிதைவின் கடைசிப் படி என்ற நம்பிக்கையின் அடியில் இருந்தது இந்தக் கணக்குப் பிழைதான். மருத்துவமனையை விட்டு வெளியேறாதவர்களை மட்டும் பார்த்து, வெளியேறியவர்களின் முதுமையையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

சென்னையின் 90 பேர்

இந்தப் பிழையிலிருந்து தப்பிக்க ஒரே வழி, நோய் தொடங்கும்போதே ஆட்களைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு பின்தொடர்வது. சென்னை அதைச் செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு 1981-82-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதல்முறையாக வந்த 90 மனச்சிதைவு நோயாளிகள் பதிவுசெய்யப்பட்டனர். எஸ். ராஜ்குமார், ஆர். தாரா முதலியோரின் கையில் அது மதராஸ் நெடுநாள் ஆய்வு என்று பெயர் பெற்றது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு அதைத் தொடர்ந்து எடுத்துச் சென்றது. பத்தாண்டு முடிவில் 76 பேரைக் கண்டு பேச முடிந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை நன்றாக இருந்தது. இருபதாண்டு முடிவுகள் 2004-இல் வெளியாயின. பட்டியலில் இருந்த இளைஞர்கள் நடுவயதை எட்டும்வரை ஒரே குழு பின்தொடர்ந்த ஆய்வுகள் வளரும் நாடுகளில் மிகச் சில. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நகரத்தில், கைபேசி வருவதற்கு முந்திய காலத்தில், தெருத்தெருவாகச் சென்று ஆட்களைத் தேடியவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

தமிழகத்தில் முதியோர் மனநல ஆராய்ச்சி அதற்கும் முன்பே வேர்விட்டிருந்தது. மதுரை மருத்துவக் கல்லூரியின் ஏ. வேங்கோபராவ் அதன் முன்னோடி. மதுரையை அடுத்த ஒரு சிற்றூர்ப் பகுதியில் 60 வயதைக் கடந்த 686 பேரை வீடுவீடாகச் சென்று பரிசோதித்து, அவரும் மாதவனும் 1982-இல் வெளியிட்ட கணக்கில், ஆயிரத்துக்கு 89 பேருக்கு மனநோய் இருந்தது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. வயதானால் அப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிட்ட நோய்கள் அவை.

சுவருக்கு அப்பால்

இதுவரை பேசியது, இளமையில் நோய் வந்து அதனோடு முதுமை அடைந்தவர்களைப் பற்றி. முதுமையிலேயே முதன்முறை நோய் வருபவர்கள் வேறொரு கூட்டம். இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரில் உள்ள கிரேலிங்வெல் மருத்துவமனையில் பணியாற்றிய மார்ட்டின் ராத், 60 வயதைக் கடந்த 450 நோயாளிகளை ஆராய்ந்து 1955-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிக்கல். அதுவரை முதியவருக்குப் புத்தி பேதலித்தால் எல்லாமே மூளைத் தேய்வு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தார்கள். ராத் அதை ஐந்தாகப் பிரித்தார். மனச்சோர்வு சார்ந்தவை, முதுமைப் பாராஃப்ரினியா, இரத்தக்குழாய்த் தடிப்பால் வருபவை, மூளைத் தேய்வு, திடீர்க் குழப்பநிலை என்பன அவை. பிரித்ததோடு நிற்காமல், ஆறு மாதமும் இரண்டு ஆண்டும் கழித்து யார் உயிரோடு இருக்கிறார், யார் வீடு திரும்பினார் என்றும் பார்த்தார். மூளைத் தேய்வு என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் கூட்டத்துக்குள், சிகிச்சை அளித்தால் நலமாகி வீடு திரும்பக்கூடியவர்கள் இருந்தார்கள் என்பது அப்போது தெளிந்தது.

முதுமைப் பாராஃப்ரினியா என்று ராத் சொன்னதற்கு இன்றைய பெயர் மிகப்பிந்தித் தொடங்கும் மனச்சிதைவு ஒத்த நோய். 2000-இல் ராபர்ட் ஹோவார்ட், பீட்டர் ராபின்ஸ், மேரி சீமன், திலீப் ஜெஸ்தே ஆகியோர் பன்னாட்டு அறிஞர் குழுவின் சார்பில் வரையறை தந்தனர். 40 வயதுக்குப் பின் தொடங்கினால் பிந்தித் தொடங்குவது, 60-க்குப் பின் தொடங்கினால் மிகப்பிந்தித் தொடங்குவது. இதன் நோயாளிகளில் பெண்களே அதிகம். பேச்சு கோர்வையற்றுப் போவதும், உணர்ச்சிகள் வற்றி ஒடுங்குவதும் இவர்களிடம் குறைவு. ஐயமும் குரல்களும் மிகுதி. பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வாயு வருகிறது, மாடிவீட்டார் தரை வழியாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், இரவில் யாரோ உள்ளே வந்து பொருளை இடம்மாற்றி வைக்கிறார்கள் என்பன மீண்டும் மீண்டும் கேட்கப்படும் முறையீடுகள். தனியாக வாழ்வதும், காது மந்தமாவதும் இந்நோயோடு தொடர்புடையவை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. காது கேளாத முதியவரிடம் உரக்கப் பேசச் சலித்து, வீட்டார் அவரைப் பேச்சிலிருந்து விலக்கிவிடும்போது, பாதி கேட்ட சொற்களை அவரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நிரப்பல் எப்போதும் அன்பானதாக அமைவதில்லை.

பெண்களுக்கு ஏன் பிந்தி வருகிறது? மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னர் தலைமையில் நடந்த ஆய்வு, பெண்களுக்கு நோய் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் பிந்தித் தொடங்குவதையும், மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி இரண்டாவது ஏற்றம் ஒன்று இருப்பதையும் காட்டியது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஒரு காப்பாக இருந்து, அது வற்றும்போது காப்பு விலகுகிறது என்பது அவர் முன்வைத்த விளக்கம்.

இந்நோயாளிகளுக்கு மருந்து பலிக்குமா என்பதற்கு 2018-இல்தான் திடமான பதில் வந்தது. ஹோவார்ட் தலைமையில் பிரிட்டனில் 101 பேரிடம் நடந்த அட்லாஸ் ஆய்வில், நாளுக்கு 100 மில்லிகிராம் அமிசல்பிரைடு மாத்திரை, போலி மாத்திரையைவிடத் தெளிவான பலன் தந்தது. இளம் நோயாளிகளுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் அந்த அளவு. நோய் இன்னதென்று வரையறுத்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு 101 பேர். முதியவர்களுக்கு ஆராய்ச்சி உலகம் ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பதை இந்த எண்ணே சொல்லும்.

நினைவு தேய்கிறதா?

கிரெப்பலினின் கேள்வி முற்றிலும் மறையவில்லை. மனச்சிதைவு மூளையைத் தேய்க்கும் நோய்தானா? நியூயார்க்கின் பில்கிரிம் மருத்துவமனையில் பல்லாண்டு அடைபட்டிருந்து இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், உயிரோடிருந்தபோது நினைவும் அறிவும் மிகக் குன்றியிருந்தவர்களிடமும் அல்சைமர் நோயின் அடையாளங்கள் வழக்கத்துக்கு மிஞ்சி இல்லை. வெளியே சமூகத்தில் வாழும் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளும், அறிவுத்திறன் குறை நோயின் தொடக்கத்திலேயே வந்து பின்னர் ஏறத்தாழ அதே அளவில் நிற்பதைக் காட்டின. மருத்துவமனைக்குள்ளேயே முதுமை அடைந்தவர்களிடம் மட்டும் 65 வயதுக்குப் பின் சரிவு தெரிந்தது.

ஆனால் பெருந்தொகைப் பதிவேடுகள் வேறு கதை சொல்கின்றன. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வு, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்றது. அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வில், 66 வயதில் மனச்சிதைவு உள்ளவர்களில் 27.9 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும் டிமென்ஷியா என்று பதிவாகியிருந்தது. இந்த இடைவெளி மிகப் பெரிது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் புகையும் மூளையின் இரத்தக்குழாய்களைக் கெடுப்பது இதில் ஒரு பங்கு. வாழ்நாள் முழுதும் இருந்துவந்த அறிவுத்திறன் குறையை, ஆள் முதியவரானதும் டிமென்ஷியா என்று புதுப்பெயரில் எழுதிவிடுவது இன்னொரு பங்கு என்று நான் கருதுகிறேன். பிணப்பரிசோதனையும் பதிவேடும் ஒத்துப்போகாத இடத்தில், பதிவேட்டில் எழுதியவர் நோயாளியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்பது நியாயமே.

மருந்துகளும் அவற்றின் விலையும்

மனச்சிதைவு மருந்துகளை ஒப்பிட்ட புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வான கேட்டீ, 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களை மட்டுமே சேர்த்தது. மருந்தளவு பற்றிய அறிவு பெரும்பாலும் இளையோரிடமிருந்து பெற்று முதியோர்மீது பொருத்தியது. அதன் விளைவைத் திலீப் ஜெஸ்தேயின் சான் டியகோ குழு 1995-இல் எண்களில் காட்டியது. பழைய வகை மருந்துகளை உட்கொண்ட, நடுவயதும் முதுமையும் அடைந்த 266 புறநோயாளிகளில், ஓராண்டில் 26 விழுக்காட்டினருக்கும், இரண்டாண்டில் 52 விழுக்காட்டினருக்கும், மூன்றாண்டில் 60 விழுக்காட்டினருக்கும் டார்டிவ் டிஸ்கினீசியா வந்தது. வாயும் நாக்கும் தானாக மென்றுகொண்டே இருக்கும் அசைவு நோய் அது. இளையோருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். பல் இல்லாத பாட்டி எதையோ மெல்கிறாள் என்று பேரப்பிள்ளைகள் நினைப்பது பல வீடுகளில் மாத்திரையின் வேலை.

டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இம்மருந்துகள் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இல் புதிய வகைகளுக்கும், 2008-இல் பழைய வகைகளுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. அது தேவையான எச்சரிக்கை. ஆனால் அது டிமென்ஷியாவுக்கானது. நாற்பதாண்டாக மனச்சிதைவோடு வாழும் முதியவரின் மருந்தை அந்த எச்சரிக்கையைக் காட்டி நிறுத்தக் கூடாது.

முதியோரின் கடும் மனச்சோர்வில் ஆய்வுச் சான்று இன்னும் உறுதியாக இருக்கிறது. என் குடல் அழுகிவிட்டது, என்னால் குடும்பமே அழிந்தது என்ற பிரமைகளோடு சாப்பாட்டையும் விட்டுவிடும் நிலை அது. மனச்சோர்வு மாத்திரையோடு பிரமைக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது பிரமைக்கான மருந்தை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2009-இல் 259 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. தேறிய பின் இரண்டாம் மருந்தைத் தொடர்ந்தால் நோய் மீள்வது 20.3 விழுக்காடு, நிறுத்தினால் 54.8 விழுக்காடு என்று 2019-இல் அதன் தொடர்ச்சி காட்டியது. ஷாக் ட்ரீட்மெண்ட் என்று ஊரார் அஞ்சும் மின்னதிர்வுச் சிகிச்சை, முதியோரின் கடும் மனச்சோர்வில் மிக வலுவான சிகிச்சைகளில் ஒன்று. 60 வயதைக் கடந்த 240 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் சுமார் 62 விழுக்காட்டினர் முற்றிலும் தேறினர். மயக்க மருந்து கொடுத்து நடத்தும் இன்றைய முறைக்கும் சினிமாவில் காட்டுவதற்கும் தொடர்பே இல்லை. இருதுருவ நோயில் லித்தியமே இன்றும் முதன்மை. முதியவருக்கு இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கற்றுக்கொள்ள வயதில்லையா

மருந்துக்கு அப்பால், முதிய நோயாளிகளுக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் சோதித்தன. எரிக் கிரான்ஹோம் குழு 2005-இல், 42 முதல் 74 வயது வரையான 76 புறநோயாளிகளுக்குத் தம் எண்ணங்களைத் தாமே ஆராய்ந்து பார்க்கவும் பிறரோடு பழகவும் வாரந்தோறும் பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்றவர்கள் சமூகச் செயல்பாட்டில் முன்னேறினர். ஸ்டீஃபன் பார்ட்டெல்ஸ், கிம் மூசர் ஆகியோரின் ஹோப்ஸ் திட்டம் 50 வயதைக் கடந்த 183 பேரிடம் நடந்தது. பேருந்தில் போவது, மருத்துவரிடம் உடற்குறையை எடுத்துச் சொல்வது, நட்பு கொள்வது போன்றவற்றைப் பழக்கி, கூடவே ஒரு செவிலியர் உடல்நலத்தையும் கவனித்தார். மூன்றாண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்தது. ஜெஸ்தேயின் ஆய்வுகளோ இன்னொன்றைக் கண்டன: வயது ஏற ஏற உடல் தளர்ந்தாலும், மனச்சிதைவு உள்ளவர்கள் தம் மனநலம் சார்ந்த வாழ்வை முன்பைவிட மேலானதாகவே உணர்கிறார்கள். குரல்கள் முற்றிலும் ஓயாமல் இருக்கலாம். அவற்றோடு எப்படி வாழ்வது என்பதை அவர்கள் பல்லாண்டு பழகித் தேர்ந்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இந்த முதியவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறார்கள், பெற்றோரின் கையில். ஐம்பது வயது மகனுக்கு எண்பது வயதுத் தாய் மாத்திரை எடுத்துக்கொடுக்கிறாள். மணமுறிந்து தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்களைப் பற்றிச் சென்னை ஆய்வாளர்கள் எழுதியபோது, எங்களுக்குப் பின் இவளை யார் பார்ப்பார்கள் என்ற பெற்றோரின் கேள்வியே அவர்களை எதிர்கொண்டது. வீடு இல்லாதவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறார்கள். நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருப்பவர்கள் 4,935 பேர் என்று 2019-இல் வெளியான தேசிய அறிக்கை கணக்கிட்டது. உள்ளே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, பல்லாண்டு உள்ளே இருந்தவர்களை நால்வர் ஐவராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. உதவிக்கு ஓர் ஊழியர் உடன் இருப்பார். சமையல், சந்தைக்குப் போவது, சண்டை, சமாதானம் எல்லாம் அவர்களுடையதே. புரூக்ஸ் வெர்மான்ட்டில் பின்வார்டுக் கதவைத் திறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னையிலும் அதே வேலை நடக்கிறது.